செங்குத்து மலையில் ஒரு நாள்: ஸ்னோபோர்டு வழிகாட்டிச் சேவை ஒன்றின் மதிப்புரை

நாங்கள் நால்வரும் எட்டுக் குளிர்காலங்களாக ஒன்றாகச் சேர்ந்து ஸ்னோபோர்டில் சறுக்கி வருபவர்கள். இயந்திரங்கள் சமன்செய்து வைத்த தடங்களில், கறுப்புக் குறியிட்ட கடினமான சரிவுகளையும் தடுமாறாமல் இறங்கும் நிலைக்கு வந்த பிறகு, யாரும் சீர்செய்யாத செங்குத்தான மலைமுகத்தில் ஒரு நாளாவது சறுக்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்குள் எழுந்தது. அதை நாங்களாகவே செய்துபார்க்கத் துணியாமல், சிறு குழுக்களைத் தடத்துக்கு வெளியே அழைத்துச் செல்லும் வழிகாட்டிச் சேவை ஒன்றில் ஒரு முழு நாளுக்குப் பதிவு செய்தோம். வாடகைப் பலகை, பனிச்சரிவுப் பாதுகாப்புக் கருவிகள், நால்வருக்கு ஒரு வழிகாட்டி ஆகியவை அச்சேவையில் அடங்கும். நண்பர்களோடு முதன்முறையாக இத்தகைய நிலப்பரப்புக்குச் செல்ல எண்ணுவோருக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக, அந்த நாளைச் சற்று விரிவாகவே மதிப்பிடுகிறேன்.

பதிவு செய்த மறுநாளே வழிகாட்டி எங்கள் நால்வரிடமும் தனித்தனியாகத் தொலைபேசியில் பேசினார். பொதுவாக இத்தகைய சேவைகள் குழுவில் ஒருவரிடம் மட்டும் பேசி, மற்றவர்களின் திறமையை அவர் வாய்மொழியாகவே கேட்டுக்கொள்ளும். இவர் அப்படிச் செய்யவில்லை. "கடினமான சரிவில் இறங்குவீர்களா?" என்று பொதுவாகக் கேட்டிருந்தால் நால்வருமே ஆம் என்றுதான் சொல்லியிருப்போம். கடைசியாக எப்போது இறுகிய பனியில் செங்குத்தாக இறங்கினீர்கள், அப்போது எந்தப் பக்கத் திருப்பம் சிரமமாக இருந்தது, விழுந்தால் எந்த விளிம்பைப் பிடித்து நிறுத்துவீர்கள் என்று அவர் கேட்ட கேள்விகளுக்கு, நினைவுபடுத்திப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. இடது காலை முன்வைத்து நிற்கும் ரெகுலர் யார், வலது காலை முன்வைக்கும் கூஃபி யார் என்பதையும் குறித்துக்கொண்டார். அதை ஏன் கேட்டார் என்பது மலையில்தான் புரிந்தது.

வாடகைப் பலகைகளைப் பொறுத்தவரை சேவையின் தொடக்கம் நன்றாக அமையவில்லை. உயரம், எடை, காலளவு எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தும், எனக்கு எடுத்து வைத்திருந்த பலகை 152 செ.மீ. நீளமும் மிகுந்த நெகிழ்வும் கொண்டதாக, தாவல் மேடைகள் அமைத்த பூங்காக்களில் விளையாடுவதற்கு ஏற்றதாக இருந்தது. என் எடை 80 கிலோ. அதைவிட முக்கியமாக, பலகையின் இடுப்புப் பகுதி குறுகலாக இருந்ததால் என் பூட்ஸின் முனை விளிம்பைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சமதளத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. செங்குத்தான சரிவில் பலகையைச் சாய்த்துத் திருப்பும்போது, அந்த முனை பனியில் உரசி விளிம்பைத் தூக்கிவிடும். பிடிமானம் போன கணமே விழுவோம், விழுந்தால் நிற்பதும் கடினம். வழிகாட்டி வந்து பார்த்தவுடனேயே அதை ஒதுக்கிவிட்டு, 159 செ.மீ. நீளமுள்ள, நடுப்பகுதி அகலமான, முனையிலிருந்து வால் வரை விறைப்பான பலகையைத் தேடிக் கொடுத்தார். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்குகளை நடுவிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, திருகுகளைத் தம் கையாலேயே முடுக்கினார். விளிம்புகளை நகத்தில் சுரண்டிப் பார்த்து, மழுங்கியிருந்த ஒரு பலகையை அரத்தில் தீட்டவும் செய்தார். இவ்வளவும் நன்றுதான், ஆனாலும் முதல் நாளே முடித்திருக்க வேண்டிய வேலைக்குக் காலை நேரத்தில் நாற்பது நிமிடங்கள் போயின. வாடகைப் பிரிவும் வழிகாட்டிகளும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்றே தோன்றியது.

அடுத்து நடந்த பாதுகாப்புப் பயிற்சிதான் இச்சேவையின் மிகச் சிறந்த பகுதி என்பேன். ஒவ்வொருவருக்கும் ஒரு டிரான்ஸீவர், ஒரு துழாவுகோல், ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். டிரான்ஸீவர் என்பது 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொடர்ந்து துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும் சிறு கருவி; யாரேனும் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தத் துடிப்பைப் பின்தொடர்வார்கள். எல்லா உற்பத்தியாளர்களின் கருவிகளும் ஒரே அலைவரிசையில் இயங்குவதால், யாருடைய கருவியாலும் யாரையும் தேட முடியும். கைப்பேசி, ஒளிப்படக் கருவி போன்ற மின்பொருள்கள், அனுப்பும் நிலையில் 20 செ.மீ. தொலைவிலும் தேடும் நிலையில் 50 செ.மீ. தொலைவிலும் இருக்க வேண்டும் என்றார். எங்களில் ஒருவர் கைப்பேசியை டிரான்ஸீவருக்கு மேலேயே சட்டைப்பையில் வைத்திருந்தார்; அதை எடுத்துப் பைக்குள் போட்ட பிறகே அடுத்த பாடம் தொடங்கியது.

ஒரு கருவியைப் பைக்குள் சுற்றிப் பனியில் 60 செ.மீ. ஆழத்தில் புதைத்துவிட்டு, எங்களைத் தேடச் சொன்னார். முதல் முயற்சியில் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் ஆனது. மூன்று பேர் ஒரே இடத்தில் கூடி நின்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பதும், அரை மணி நேரம் கடந்தால் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்ந்துவிடும் என்பதும் எங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஒன்பது நிமிடங்கள் ஆனது என்பதுதான் உறைத்தது, அதுவும் தோண்டத் தொடங்கும் முன்பே. பிறகு அவர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவர் கருவியைப் பனிப்பரப்புக்கு மிக அருகில் பிடித்துச் சிலுவை வடிவில் நகர்த்தி, அது காட்டும் தொலைவு எண் மிகக் குறையும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தவர் அந்தப் புள்ளியிலிருந்து சுருள் வடிவில், 25 செ.மீ. இடைவெளியில் துழாவுகோலைக் குத்திக்கொண்டே போக வேண்டும்; கோல் எதிலாவது தட்டினால் அதை உருவாமல் அங்கேயே விட்டுவிட்டு, மற்றவர்கள் சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்ட வேண்டும். இரண்டாம் முயற்சி நான்கு நிமிடங்களில் முடிந்தது. ஸ்னோபோர்டு பைண்டிங்குகள் பனிச்சறுக்குக் கட்டைகளின் பைண்டிங்குகளைப் போல விழும்போது தாமாகக் கழன்றுகொள்வதில்லை. ஆதலால் பனிச்சரிவில் சிக்கினால் பலகையே நங்கூரம்போல் நம்மை உள்ளே இழுக்கும் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

அப்போதே அவர் ஒரு விதியையும் சொன்னார். மலையில் எந்த இடத்திலும், யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே "வேண்டாம்" என்று சொல்லலாம். ஒருவர் சொன்னால் ஐவரும் திரும்புவோம். கருத்துக் கேட்கும்போது அனுபவம் குறைந்தவரிடமிருந்துதான் தொடங்குவேன் என்றும் சேர்த்துக்கொண்டார். கேட்டபோது இது ஒரு மரியாதைப் பேச்சு என்றே நினைத்தேன்.

லிஃப்ட்டில் உச்சி வரை ஏறி, அங்கிருந்து மலைமுகட்டின் ஓரமாகக் குறுக்கே சென்று, ஒரு பெரிய கிண்ண வடிவச் சரிவின் விளிம்பை அடைந்தோம். அந்தக் குறுக்குப் பாதையில்தான் ரெகுலர், கூஃபி கேள்வியின் பொருள் விளங்கியது. பள்ளத்தைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கமாக அப்பாதை நீண்டது. கூஃபியாக நிற்பவர் அதைக் குதிகால் விளிம்பில், பள்ளத்தைப் பார்த்தபடி, வசதியாகக் கடந்துவிடலாம். ரெகுலராக நிற்கும் மற்ற மூவரும் கால்விரல் விளிம்பில், முகம் மலையைப் பார்க்க, பள்ளத்துக்கு முதுகைக் காட்டியபடி செல்ல வேண்டியிருந்தது. இரண்டு நிமிடங்களிலேயே கெண்டைக்கால் எரியத் தொடங்கும். போகும் வழியைத் தோளுக்கு மேலாகத் திரும்பித்தான் பார்க்க வேண்டும். வழிகாட்டி இதை எதிர்பார்த்து மூன்று இடங்களில் நிறுத்தங்களை வகுத்திருந்தார். வேகம் குறையும் சமதளப் பகுதி வருவதற்கு முன்பே, எவ்வளவு வேகத்தோடு நுழைய வேண்டும் என்பதைக் கையசைத்துக் காட்டினார். சமதளத்தில் நின்றுவிட்டால் ஸ்னோபோர்டர் ஒரு காலைக் கழற்றித் தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. பனிச்சறுக்குக் கட்டைகளில் செல்வோரை மட்டுமே பழகிய வழிகாட்டிகள் இதை அடிக்கடி மறந்துவிடுவார்கள். இவரும் ஸ்னோபோர்டரே என்பது அந்த நாள் முழுவதும் எங்களுக்குக் கைகொடுத்தது.

கிண்ணத்தின் விளிம்பில் நின்று சாய்வுமானியை வைத்துப் பார்த்தபோது 36 பாகை காட்டியது. மனிதர்கள் சிக்கிக்கொள்ளும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளிலேயே நிகழ்கின்றன என்பதால், அந்த எண் வெறும் கடினத்தின் அளவு அன்று. இருந்தும் அங்கே இறங்கலாம் என்று அவர் முடிவு செய்ததன் காரணத்தை விளக்கினார். முந்தைய இரண்டு நாள்களும் காற்று இந்த முகத்தின் மீதே மோதி வீசியிருக்கிறது. தளர்ந்த பனியை அது வாரிக்கொண்டு முகட்டுக்கு அப்பால் கொட்டியிருக்கிறது. ஆகவே இங்கே எஞ்சியிருப்பது ஒன்றோடொன்று நன்றாகப் பிணைந்து, சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகிய பழைய பனி. அன்றைய பனிச்சரிவு அறிக்கை அபாயத்தின் ஐந்து படிகளில் இரண்டாம் படியைக் காட்டியதோடு, காற்று மறைவான பக்கங்களில் புதிதாகக் குவிந்த பனித்தகடுகளைக் குறித்து எச்சரித்திருந்தது. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே இறங்க வேண்டும், முன்னவர் பாறைத் திட்டின் மறைவை அடைந்து கையை உயர்த்திய பிறகே அடுத்தவர் புறப்பட வேண்டும் என்று ஏற்பாடு.

அந்த இறக்கத்தை வாழ்நாளில் மறக்க மாட்டேன். செங்குத்துச் சரிவில் அச்சம் உடலை மலையின் பக்கமாகச் சாய்க்கிறது. சாய்ந்தால் எடை விளிம்பை விட்டு விலகுகிறது. குதிகால் பக்கத்தில் பலகை அதிர்ந்து அதிர்ந்து வழுக்கத் தொடங்குகிறது. முதல் இரண்டு திருப்பங்களில் எனக்கு அதுவே நேர்ந்தது. மூன்றாவதற்கு முன் நின்று, மூச்சை விட்டு, முழங்கால்களை ஆழமாக மடித்து, முன்தோளைப் பள்ளத்தை நோக்கித் துணிந்து கொடுத்தேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது, பலகை தானாகச் சுழன்று வந்தது, விளிம்பு பனியைக் கடித்துக்கொண்டது. பலகை நேராகக் கீழ்நோக்கி நிற்கும் அந்த ஒரு கணத்தில் எந்த விளிம்பும் பிடியில் இல்லை. அந்தக் கணத்தை ஏற்றுக்கொள்ளப் பழகுவதுதான் செங்குத்துச் சறுக்கலின் சாரம் என்பது என் உடலுக்கு அன்றுதான் புரிந்தது. நடுப்பகுதிக்குக் கீழே திருப்பங்கள் ஒன்றிலிருந்து ஒன்று ஊறி வந்தன. கீழே பாறை மறைவில் நின்று மற்றவர்கள் இறங்குவதை ஒவ்வொருவராகப் பார்த்ததும், அனுபவம் குறைந்த நண்பர் கடைசித் திருப்பத்தை முடித்துவிட்டு எங்களை நோக்கிக் கத்திய குரலும் அந்த நாளின் பெரும் மகிழ்ச்சி. காலையில் மாற்றிக் கொடுத்த அகலப் பலகையின் அருமையை அங்கே முழுமையாக உணர்ந்தேன். பழைய பலகையோடு இறங்கியிருந்தால் மூன்றாவது திருப்பத்துக்கு வந்திருக்கவே மாட்டேன்.

இரண்டாம் முறை ஏறியபோது முகட்டின் மறுபக்கத்தில், இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே இறங்கும் ஒரு குறுகிய பனிச்சந்து தெரிந்தது. அதில் ஒரு தடம்கூட இல்லை. காற்று வாரிக் கொட்டிய மென்பனி நிறைந்து பளபளத்தது. கிண்ணத்தின் இறுகிய பனியில் தேறிவிட்ட துணிச்சலோடு, எனக்கும் இன்னொரு நண்பருக்கும் அதில் இறங்கியே தீர வேண்டும் என்று தோன்றியது. வழிகாட்டி உடனே மறுக்கவுமில்லை, உடன்படவுமில்லை. அதே திசையை நோக்கிய, சாய்வு குறைந்த, பாதுகாப்பான ஓரிடத்தில், பனியடுக்குகளின் உறுதியைச் சோதிக்கக் குழி தோண்டினார். 90 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட பனித்தூண் ஒன்றைப் பிரித்தெடுத்து, ஒரு முனையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டத் தொடங்கினார். 23-ஆவது தட்டில், சர்க்கரைபோல் உதிரியான ஓர் அடுக்கின் மீது விரிசல் விழுந்தது. ஆனால் மண்வெட்டிக்குக் கீழேயே நின்றுவிட்டது, தூணின் மறுமுனை வரை ஓடவில்லை.

விரிசல் முழு நீளத்துக்கும் ஓடியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. ஓடாமல் நின்றதை நானும் அந்த நண்பரும் "இறங்கலாம்" என்றே வாசித்தோம். ஒரு குழி அந்தக் குழியைப் பற்றி மட்டுமே பேசும், பத்தடி தள்ளி அடுக்கின் தன்மை மாறியிருக்கலாம், காற்று கொட்டிய பனியோ சந்தின் வாயில்தான் கனமாக இருக்கிறது என்றார் வழிகாட்டி. பிறகு, காலையில் சொன்னபடியே, அனுபவம் குறைந்த நண்பரிடம் முதலில் கேட்டார். அவர் சற்று நேரம் அந்தப் பனிச்சந்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு வேண்டாம்" என்றார். வழிகாட்டி மண்வெட்டியை மடக்கிப் பையில் வைத்தார். எங்களிடம் கேட்கவேயில்லை, கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எட்டு ஆண்டுகளில் அந்த நண்பர் எங்களிடம் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை என்பது திரும்பி நடந்தபோதுதான் என் நினைவுக்கு வந்தது. பலமுறை அவருக்கு அது தோன்றியிருக்கும். எங்கள் உற்சாகத்தைக் கெடுக்கக் கூடாது என்று விழுங்கியிருப்பார். உயிரிழப்பு நேர்ந்த பனிச்சரிவு விபத்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பதில், பனிச்சரிவைத் தூண்டிவிட்டவர் சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான். விபத்துகளை ஆராய்ந்த இயான் மெக்கம்மன், பழகிய இடம், மற்றவர்களின் ஏற்பைத் தேடுதல், எடுத்த முடிவைக் கைவிட மனமின்மை, குழுவில் ஒருவரை வல்லுநராக எண்ணி அவர் பின்னால் செல்லுதல், யாரும் தொடாத பனியின் கவர்ச்சி என, தேர்ந்தவர்களின் தீர்மானத்தையும் குலைக்கும் காரணங்களை வகைப்படுத்தியிருக்கிறார். அந்தச் சந்தின் வாயில் எங்களிடம் இவற்றில் பெரும்பாலானவை இருந்தன. நட்பின் நயம் அடைத்துவிடும் வாயை முன்கூட்டியே திறந்து வைத்ததற்காகவே இச்சேவைக்கு நான் முதன்மையான மதிப்பைத் தருகிறேன். அந்தச் சந்து அன்று சரிந்ததா என்றால், இல்லை. மாலை வரை அப்படியே இருந்தது. அதனால் அந்த முடிவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

பிற்பகலை அடர்ந்த மரங்களுக்கிடையே, 25 பாகை சாய்வில், காற்றுப் படாத மென்பனியில் கழித்தோம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் கண்பார்வையிலும் குரலெட்டும் தூரத்திலும் வைத்துக்கொண்டு இறங்கச் சொன்னார். கிளைகள் தாழ்ந்த மரங்களின் அடியில் பனி இறுகாமல் பள்ளமாக நிற்கும். தலைகீழாக விழுந்தால் துணையின்றி வெளியே வர முடியாது. மற்றபடி அது கவலையற்ற, ஆனந்தமான சறுக்கல்.

சில குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஐந்து பேருக்கும் சேர்த்து வழிகாட்டியிடமும் கடைசியாக இறங்கும் ஒருவரிடமும் மட்டுமே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வானொலிக் கருவிகள் (வாக்கி-டாக்கி) இருந்தன. கிண்ணத்தின் நடுவில் நின்றவருக்குக் கையசைவு தெரியாமல் இரண்டு முறை குழப்பம் நேர்ந்தது. இத்தகைய நிலப்பரப்பில் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுப்பதே முறை. பனிச்சரிவில் சிக்கினால் காற்று நிரம்பி நம்மைப் பனியின் மேல்பரப்பில் வைத்திருக்க உதவும் ஏர்பேக் பைகளைக் கூடுதல் தொகைக்குக்கூட அவர்கள் வைத்திருக்கவில்லை. பிற்பகலில் மேகம் கவிந்து மேடும் பள்ளமும் ஒரே வெண்மையாகத் தெரிந்தபோது, மங்கிய ஒளிக்கான மாற்றுக் கண்ணாடி வில்லையைக் கொண்டுவரச் சொல்லி முன்பே அறிவுறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது. எங்களில் இருவரிடம் அது இல்லாததால் அவர்கள் கடைசி இறக்கத்தைத் தட்டுத்தடுமாறியே முடித்தார்கள். நாளின் முடிவில் என்னென்ன முடிவுகள் ஏன் எடுக்கப்பட்டன என்று உட்கார்ந்து பேசுவதற்கு ஒதுக்கிய நேரமும் மிகக் குறைவு. அரை மணி நேரம் கூடுதலாக இருந்திருந்தால் நாங்கள் கற்றது இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.

சீர்செய்த தடங்களில் இரு விளிம்புகளிலும் உறுதியாகத் திரும்பத் தெரிந்த, ஒரே குழுவாகப் பழகிய நண்பர்களுக்கு இச்சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஒரு பக்கத் திருப்பத்தில் இன்னும் தயக்கம் உள்ளவர்கள் மேலும் ஒரு குளிர்காலம் பொறுத்துச் செல்வது நல்லது. பலகையும் பூட்ஸும் சொந்தமாக வைத்திருப்பவர்கள் அவற்றையே கொண்டுபோகலாம். வாடகையை நம்பிச் செல்பவர்கள் முதல் நாள் மாலையே போய்ப் பொருத்திப் பார்த்துவிட வேண்டும். குளிர்காலத்தின் இறுதியில், பனியடுக்குகள் நிலைபெறும் காலத்தில், அதே வழிகாட்டியுடன் மீண்டும் செல்லப் பதிவு செய்திருக்கிறோம். இந்த முறை அழைத்துப் பேசி நாள் குறித்தவர், அன்று வேண்டாம் என்று சொன்ன நண்பர்.